ஊருக்குச் சொன்ன வாய்

துபாய் கராமாவில், அந்த ஏஜென்சி அறையின் கண்ணாடிக் கதவை ஷாஜினி அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கதவு உடையவில்லை. உடைந்திருந்தாலும் அவள் வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். கனடாவில் ஒரு ஆஸ்பத்திரி ஷாஜினியை நர்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவளோடு வாழ்கிற துணைக்கும் அங்கே வேலை பெர்மிட் தருவார்கள். தாலியும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம். ஒரு வருஷம் ஒரே கூரையின் கீழ் தம்பதியாகக் குடும்பம் நடத்தியதை நிரூபித்தால் போதும். மணிமாறனும் ஷாஜினியும் இரண்டு வருஷத்துக்கு மேல் நடத்தியாயிற்று. நிரூபிக்கத்தான் கையில் ஒரு துரும்பும் இல்லை.

எப்படி இருக்கும்? கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்து மாட்டினால் துபாயில் முதலில் ஜெயில், பிறகு ஊருக்கு ஒருவழி டிக்கெட். கனடா எதைக் காட்டு என்கிறதோ, அதை மறைப்பதற்குத்தான் இரண்டு வருஷமாக இரண்டு பேரும் பாடாய்ப் பட்டார்கள்.

பேசாமல் கல்யாணத்தைப் பண்ணிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டு எழுதியிருக்கும் வாசகிகளுக்கு மறுபடியும் ஒருமுறை: ஷாஜினி சட்டப்படி இன்னும் ஷிபினின் மனைவி. அவளை அடித்துத் துரத்திவிட்டு வேறொருத்தியோடு போன அந்த உத்தமன், விவாகரத்து வழக்கில் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கி ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே கல்யாணத்துக்கு வழி இல்லை. அதற்குத்தான் அந்த ஏஜென்சிக்காரர் குறுக்கு வழி காட்டினார். "ஏதாவது ஒரு கோயில்ல கல்யாணம் ஆன மாதிரி ஒரு சர்டிபிகேட் அடிச்சுக் கொடுத்துடறேன் மேடம்" என்றார். அப்போதுதான் கதவு அந்தச் சாத்து வாங்கியது.

"இல்லேன்னா ரெண்டு சாட்சி கொண்டு வாங்க" என்று அவர் பின்னாலிருந்து கத்தியது அவள் காதில் விழுந்துதான் இருந்தது. "கூடக் குடியிருந்தவங்க ஒருத்தர், குடும்பத்துல ஒருத்தர். நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தது தெரியும்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். மாசக் கடைசிக்குள்ள!"

இன்று வெள்ளிக்கிழமை. இருவருக்கும் லீவு. அல் குசைஸ் ஃபிளாட்டின் தங்கள் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டில் நிறையப் புகைப்படங்களைப் பரப்பி வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் கேக் வெட்டுகிற ஷாஜினி. க்ரீக் ஓரத்தில் காற்றில் துப்பட்டா பறக்க நிற்கிற ஷாஜினி. காய்ச்சலில் போர்வைக்குள் முறைக்கிற ஷாஜினி.

"எல்லாத்திலேயும் நான்தான் இருக்கேன். நீ எங்க மாறா?"

"நான் கேமராவுக்குப் பின்னாடி நிக்கறேன்" என்றான் மணிமாறன். "நீதானே சொன்ன? ரெண்டு பேரும் ஒரே படத்துல இருந்தா வம்புன்னு."

ஆமாம், அவள்தான் சொன்னாள். கடிதம் எதுவும் அவன் பெயருக்கு இந்த விலாசத்தில் வரக் கூடாது என்று சொன்னதும் அவள்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் கம்பெனிக் கணக்கில் இன்றுவரை சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ஒரு கட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலையையும் அவளே செய்திருந்தாள். குடிவந்த அன்று, வீட்டுக்காரம்மா ரஹீமா பீவியிடம், "ராத்தா, இவரு எங்க பெரியம்மா மகன். எனக்கு அண்ணன்" என்று சொல்லியிருந்தாள்.

மணிமாறன் என்ற பெயரைக் கேட்டு ரஹீமா பீவி யோசித்தபோது, "எங்க குடும்பத்துல பாதிப் பேர் சர்ச்சு, பாதிப் பேர் கோயில்" என்று கூசாமல் சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அறைக்குள் 'மாறா', கிச்சனில் 'அண்ணே'. ஒரு நாள்கூட நாக்கு தவறியதில்லை. தவறியிருந்தால் இன்று எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஷாஜினி படங்களை அள்ளி உறையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க?"

"ராத்தாகிட்ட."

"ஷாஜி, வேணாம். வெளிய போகச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும். கூடக் குடியிருந்தவங்கன்னா அவங்கதானே? அவங்களை விட்டா வேற யார்கிட்ட போய்க் கேக்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள்.

கிச்சனில் ரஹீமா பீவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தொண்டிக்காரி. ஐம்பதைத் தொடுகிற வயது. கணவர் செய்கு முகம்மது பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாடகைக்குத் தோள் கொடுக்கத்தான் இந்த இரண்டு பேரை உள்ளே விட்டார்கள். விட்டபிறகு ரஹீமா பீவிக்கு ஷாஜினி மேல் பிரியம் ஒட்டிக்கொண்டது. அவளுடைய இரண்டு பெண்களும் தொண்டியில் அப்பாவைப் பெற்ற பாட்டி வீட்டில் நின்று படிக்கிறார்கள். அந்த ஏக்கத்தையெல்லாம் ஷாஜினி தலையில் எண்ணெயாகத் தேய்த்துவிடுவாள்.

"வா புள்ள. நானே கூப்புடலாம்னு இருந்தேன். நம்ம கடைக்கு வருவாளே தாமரை, அவ தங்கச்சி போட்டோ வந்திருக்கு. மூக்கும் முழியுமா இருக்கா. உன் அண்ணனுக்குப் பொருத்தமா இருப்பா."

ஷாஜினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ராத்தா, அவரு எனக்கு அண்ணன் இல்ல."

கத்தி நின்றது.

"என்ன சொல்றே?"

"அண்ணனும் இல்ல, பெரியம்மா மகனும் இல்ல. எனக்கு வீட்டுக்காரர் மாதிரி. மாதிரி என்ன மாதிரி, வீட்டுக்காரர்தான். கோர்ட்டு கேஸ் முடியாததால கட்டிக்க முடியல. உங்ககிட்ட பொய் சொன்னேன். இப்ப உண்மையைச் சொல்லணும்."

பிறகு கனடா, பெர்மிட், சாட்சி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ரஹீமா பீவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

"என் கூடப்பொறந்தவன் அபுதாபியிலதான் இருக்கான். பெருநாளைக்குக்கூட வந்து என் முகத்தைப் பாக்க மாட்டான்" என்றாள் கடைசியில். "அப்பல்லாம் உங்க ரெண்டு பேரையும் காட்டித்தான் என் மனசைத் தேத்திக்குவேன். பாரு, பெரியம்மா மவனா இருந்தும் தங்கச்சியை எப்படித் தாங்குறான்னு. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியே புள்ள."

"தப்புதான் ராத்தா."

"தப்போட போச்சா? இந்த ஃபிளாட்டு யாரு பேர்ல இருக்கு? என்னைக் கட்டுன மாப்பிள்ளை பேர்ல. போலீசு வந்தா உங்களை மட்டும் புடிச்சுக்கிட்டுப் போவாங்களா? அவரையும்ல கேப்பாங்க! அந்தக் கடை, என் புள்ளைங்க படிப்பு, எல்லாம் கலாஸ், முடிஞ்சுது!"

ரஹீமா பீவி சொன்னது முழுக்க நியாயம். ஷாஜினி தன்னை மட்டும் பணயம் வைப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொருத்தி வீட்டையும் சேர்த்து வைத்திருந்தாள். அது இந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

"மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க. அவருகிட்ட நான் சொல்லல. சொன்னா இன்னைக்கே போகச் சொல்லிருவாரு."

"போறோம் ராத்தா. நீங்க சொல்றது சரி. ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லலியே? நீங்க எழுதித் தர்ற கடுதாசி நேரா கனடாக்காரங்க கைக்குத்தான் போகும். இங்க ஒருத்தர் கண்ணிலேயும் படாது. தருவீங்களா, மாட்டீங்களா?"

ரஹீமா பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெளிய போடின்னு சொல்றேன், நின்னு கையெழுத்துக் கேக்குறா பாரு. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!"

மறுபடி வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். இந்த முறை வெங்காயம் ரொம்பச் சன்னமாக விழுந்தது.

அறைக்குத் திரும்பியபோது மணிமாறன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்டிருந்தது. அந்த ஃபிளாட்டின் சுவர்கள் அவ்வளவுதான்.

"நீ மட்டும் முதல்ல போயிரு ஷாஜி" என்றான். அறந்தாங்கிக்காரன். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. "எனக்கென்ன, கேம்புக்குப் போயிருவேன். பழைய கட்டில்தானே. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, பிறகு பாத்துக்கலாம்."

"பிறகு எப்ப? அந்த ஆபீஸ்ல போய் எனக்கு ஆருமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போகணும். பிறகு திரும்பி வந்து, இல்ல சார், ஒருத்தர் உண்டும்னு சொன்னா நம்புவாங்களா?"

"உன் வேலை கெட்டுறக் கூடாது."

"இந்த ஊர்ல உன்னை அண்ணன்னு சொன்னேன். அதுவே போதும். இன்னொரு ஊர்ல போய் நீ இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். போனா ரெண்டு பேரும். இல்லேன்னா கனடாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிற ஆள் இல்லை. ஆனாலும் ஏசியைக் கூட்டுகிற சாக்கில் எழுந்துபோய் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே நின்றான்.

அப்போது ஃபோன் ஒருமுறை அடித்து அடங்கியது. ஊரிலிருந்து மிஸ்டு கால். அம்மா ரெபேக்காள். ஷாஜினி காலிங் கார்டைச் சுரண்டி, அத்தனை நம்பரையும் அழுத்தி, திரும்ப அழைத்தாள்.

ரெபேக்காளின் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது. குமரிக் கடற்கரையில், சிலுவை நட்ட குருசடியிலிருந்து மூன்றாவது வீடு. போன வருஷத்திலிருந்து அந்த வீட்டில் ஊர்க் கமிட்டி தலைக்கட்டு வரி வாங்குவதில்லை. வரி வாங்கவில்லை என்றால் மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்கில்லை. நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று அர்த்தம். திருவிழாவுக்குப் பங்கு இல்லை. நாளைக்குச் செத்தால் தூக்க வருவார்களா என்பதும் நிச்சயமில்லை.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவன் ஷாஜினியின் சொந்தத் தம்பி பிரைட். துபாயிலிருந்து லீவில் ஊருக்குப் போனவன், பூசை முடிந்து ஊர்க் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று, மைக்கை வாங்கி, "எனக்க அக்கா துபாயில கல்யாணம் கட்டாம ஒருத்தன்கூடக் குடும்பம் நடத்துகா. எனக்கும் அவளுக்கும் இனி ஒரு பந்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன மக்களே, போன காரியம் என்னாச்சு?" என்றாள் ரெபேக்காள்.

"சாட்சி வேணும்னு சொல்லுகாவ. நாங்க ரெண்டு பேரும் குடும்பமா இருந்தது தெரியும்னு ஆராவது எழுதித் தரணுமாம். ஆரும்மா இருக்கா எனக்கு?"

ரெபேக்காளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "சாட்சி இல்லியாக்கும்? ஊரு முழுக்க அறிஞ்ச காரியத்துக்கு உனக்குச் சாட்சி கிடைக்கலியா? கடலுக்குப் போற வள்ளத்துக்கெல்லாம் தெரியும்! மீன் வாங்க வாறவன்கூட என்னட்ட, உனக்க மக இப்பவும் அவன்கூடதான் இருக்காளான்னு கேட்டுட்டுத்தான் விலை சொல்லுகான். ஒருத்தன் மைக்கு வச்சுச் சொன்னானே, அதை விடவா சாட்சி?"

ஷாஜினி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, அதை இன்னொருக்கச் சொல்லு."

"எதை?"

"கடைசியில சொன்னியே."

ரெபேக்காள் சொன்னாள். ஷாஜினி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று மணிமாறனே திரும்பிப் பார்த்தான்.

பிரைட்டைப் பார்க்க அன்றைக்கே சோனாப்பூருக்கு அவள் தனியாகத்தான் போனாள். "நானும் வர்றேன்" என்ற மணிமாறனை, "உன்னைக் கண்டா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்று உட்கார வைத்துவிட்டாள்.

அதற்கும் காரணம் இருந்தது. பிரைட்டும் மணிமாறனும் ஒரே கம்பெனி, ஒரே அறை. பிரைட் மேல்கட்டில், மணிமாறன் கீழ்க்கட்டில். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அக்காவுக்கு ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலத்தை, தனக்கு டூட்டி என்று மணிமாறனிடம் கொடுத்தனுப்பியவன் பிரைட்தான். அங்கே ஆரம்பித்தது. "நான் கருவாடு கொடுத்துவிட்டேன், அவன் எனக்க அக்காளையே கொண்டு போயிட்டான்" என்பதுதான் இரண்டு வருஷமாக அவன் பாட்டு.

வெள்ளிக்கிழமை கேம்ப் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசையாகச் சும்மா நிற்கும். மாடிக் கம்பியெல்லாம் துவைத்த துணி தொங்கும். ஒருவன் இன்னொருவனுக்கு முடி வெட்டுவான். எல்லோர் காதிலும் ஃபோன் இருக்கும். அந்த இடத்தில், சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு ஒரு பெண் கேட்டின் முன்னால் வந்து நின்றதும் அத்தனை ஃபோனும் ஒரு நிமிஷம் மௌனமானது.

"லேடீஸ் மஃபி, மேடம்" என்றான் வாட்ச்மேன். பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம்.

உள்ளே வரவில்லை, தம்பியைக் கூப்பிட்டால் போதும் என்று அவள் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். தம்பியின் பெயரைக் கேட்டு, வாளியோடு போய்க்கொண்டிருந்த ஒருவன் நின்றான்.

"நீங்க பிரைட்டோட அக்காவா? நான் சோலைமுத்து, ஒரே ரூம்தான். மாறன் அண்ணன் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. அவருக்காக கேம்ப் பாஸ்கிட்ட நீங்கதான் சொல்லிச் சமாளிக்கிறீங்கன்னு சொல்லுவாரு. ரொம்ப நன்றி."

சோலைமுத்து விழித்தான். "நானா? நான் எங்க சமாளிச்சேன்? எல்லாம் பிரைட்தானே! செக்கிங் வந்தா, மாறன் நைட் டூட்டின்னு சொல்றது அவன். வாரா வாரம் அந்தக் கீழ்க்கட்டிலுக்கு விரிப்பு மாத்தி, ஆள் படுத்து எந்திரிச்ச மாதிரி கசக்கி வேற வைப்பான். புதுசா வந்தவன் ஒருத்தன் அதுல படுக்கப் போயி அடி வாங்கினான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மணிமாறனுக்கும் தெரியாது. ஷாஜினி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிரைட் வந்தான். லுங்கியும் பனியனுமாக, முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்து, அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"இங்க எதுக்கு வந்தே? ஆளுவ பாக்காவ, போ."

"பாக்கட்டும்ல. ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கு மடுத்துப்போச்சு."

"என்ன வேணும்?"

"போன வருஷம் ஊர்க் கூட்டத்துல என்ன சொன்னியோ, அதை எனக்கு எழுதிக் கொடு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். புரிந்ததும் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"நான் கையெழுத்துப் போட்டு உங்களைக் கூட்டி அனுப்பணுமாக்கும்? எனக்கு வெக்கம் மானம் இல்லியா?"

"ஊர்ல நீ சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்ப எழுது. எனக்க அக்கா கல்யாணம் கட்டாம ஒருத்தன்கூடக் குடும்பம் நடத்துகா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"எக்கா, அது உன்னை நாணம் கெடுத்தச் சொன்னது!"

"தெரியும். நானும் அதைத்தான் கேக்கேன். நீ நாணக்கேடுன்னு சொன்னதுக்கு அந்த நாட்டுல குடும்பம்னு பேரு. அம்மைகிட்ட வரி வாங்காம நிறுத்தினியே, அந்த வாயால எனக்கு ஒரு நல்லது செய்."

அம்மாவைச் சொன்னதும் பிரைட் தலையைக் குனிந்தான். வரி நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை. கோபத்தில் சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவனால் திரும்ப வாங்க முடியவில்லை. மைக்கில் சொன்னதை எந்த மைக்கில் அழிப்பது?

ஷாஜினி குரலைத் தாழ்த்தினாள். "கீழ்க்கட்டிலுக்கு விரிப்பு மாத்துகது ஆருடே?"

அவன் சடாரென்று சோலைமுத்து பக்கம் திரும்பினான். சோலைமுத்து வாளியோடு காணாமல் போயிருந்தான்.

"நைட் டூட்டின்னு சொல்லுகது ஆரு?"

"இல்லேன்னா... அவனுக்க வேலை போயிரும்லா."

"போனா உனக்கென்ன? பந்தமில்லைன்னு சொன்னவனாச்சே?"

பிரைட் பாதிச் சவர முகத்தைத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

"கலாஸ், மேடம்?" என்று வாட்ச்மேன் மெதுவாகக் கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள் ஷாஜினி, தமிழிலேயே.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரஹீமா பீவி முகம் கொடுக்கவில்லை. ஷாஜினி கிச்சனில் ஒரு மூலையில் மீன்குழம்பு வைத்தாள். இரண்டு பெண்களும் ஒரே அடுப்பின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். 'உப்பை எடு' என்றுகூட ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கவில்லை. மணிமாறன் நடந்ததையெல்லாம் கேட்டு, கிச்சன் வாசலிலேயே நின்றான். "விரிப்பு மாத்தினானா? பிரைட்டா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான்.

அழைப்பு மணி அடித்தது. கதவுக்கு அருகில் இருந்தவள் ரஹீமா பீவி. அவளே திறந்தாள்.

வாசலில் பிரைட். மீதிச் சவரத்தையும் முடித்து, திருவிழாச் சட்டை போட்டிருந்தான். கக்கத்தில் ஒரு படுக்கைச் சுருள். தலையணை, விரிப்பு, கம்பளி எல்லாம் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியது. மணிமாறனின் படுக்கை.

"யாரு நீ?" என்றாள் ரஹீமா பீவி.

"நான் பிரைட். ஷாஜினி எனக்க அக்கா. கூடப்பிறந்தவ."

"கூடப்பொறந்தவனா? நெசமாவே கூடப்பொறந்தவனா?" காலையில் சூடுபட்டவள் அல்லவா, விடுவாளா? "அப்படின்னா இந்தா நிக்கிறாரே, இவரு உனக்கு யாரு? அதை முதல்ல உன் வாயால சொல்லிட்டு உள்ள வா."

கிச்சனில் குழம்பு கொதித்தது. ஷாஜினி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மணிமாறன் நகரவில்லை. இரண்டு வருஷமாகப் பிரைட் அவனை 'அவன்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் 'டேய்'. ஊருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தபோது 'ஒருத்தன்'.

பிரைட் படுக்கையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அத்தான்" என்றான். "எனக்க அத்தான்."

சொல்லிவிட்டு நேரே நடந்து போய்ப் படுக்கைச் சுருளை மணிமாறனின் கையில் திணித்தான். "இனி உனக்க கட்டிலைக் காவல் காக்க என்னால ஆகாது. கேம்ப் பாஸ்கிட்ட, அத்தான் குடும்பத்தோட வெளிய இருக்காருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எக்கா, பேப்பரும் பேனாவும் எடு. எனக்க இங்கிலீசு கொள்ளாது. நீ சொல்லு, நான் எழுதுகேன்."

மணிமாறன் அந்தச் சுருளைக் கீழே வைக்கவில்லை. குழந்தையை வாங்கியவன்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். ஷாஜினி அழுதாள். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

குடும்பத்தில் ஒருத்தர் கிடைத்தாயிற்று. கூடக் குடியிருந்தவர் இன்னும் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாகச் செய்கு முகம்மது உள்ளே வந்தார். கையில் கடைச் சாவிக்கொத்து. அழுதுகொண்டிருக்கிறவளைப் பார்த்தார், படுக்கையோடு நிற்கிறவனைப் பார்த்தார், புதிதாக நிற்கிற ஆளைப் பார்த்தார்.

ரஹீமா பீவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒண்ணுமில்லைங்க. ஷாஜினியோட தம்பி வந்திருக்கான். அதான் சந்தோஷத்துல..." அவள் கண் ஷாஜினியை எச்சரித்தது. பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது அந்தக் கண்.

"அப்படியா? வாங்க தம்பி, வாங்க" என்றார் செய்கு முகம்மது. மணிமாறன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஒரே நாள்ல அண்ணனும் தம்பியும் சேந்து நிக்கிறீங்க. தங்கச்சிக்குக் கேக்கணுமா!"

தலையை ஆட்டினால் போதும். இன்றைக்குத் தப்பிவிடலாம். மாசக் கடைசிவரை தப்பிவிடலாம். ரஹீமா பீவி கொடுத்த பொய், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு எதிரில் இருந்தது.

ஷாஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். செய்கு முகம்மதுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இல்ல பாய். அண்ணன் இல்ல" என்றாள். "உக்காருங்க. சோறு போட்டுக்கிட்டே சொல்றேன்."

ரஹீமா பீவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் தட்டுகளை எடுத்து வைத்தவளும் அவள்தான். ஐந்து தட்டு.